பெர்னடெட்டுக்கு வந்த கடிதம்

வரி அலுவலகத்திலிருந்து வரும் உறைகளைப் பெரும்பாலும் யாரும் பிரிப்பதில்லை. மளிகைப் பையில் போட்டு எடுத்து வந்து என் மேசையில் கொட்டுவார்கள். டொலீடோ நகரில் முப்பத்தோரு வருடமாக வரி வழக்கறிஞராக இருக்கிறேன். அதற்காக ஒருவரையும் கடிந்துகொண்டதில்லை.

பெர்னடெட் சோப்சாக்கும் அப்படித்தான் வந்தாள். கார் பட்டறை வைத்திருந்த அவள் கணவன் லெஸ்டர் வருடக்கணக்காக வருமானத்தை மறைத்திருந்தான். அவன் காட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவன் இறந்ததும் பாக்கி அவள் தலையில் விழுந்தது. வீட்டின் மேல் வில்லங்கமும் ஏறியது.

"உங்க மூஞ்சி லெஸ்டர் செத்தன்னிக்கு வந்த பாதிரியார் மாதிரியே இருக்கு, மிஸ்டர் வோகல். நல்ல சேதி இருக்கா, இல்ல நேரா ஜெபத்துக்கே போயிடலாமா?" என்றாள்.

வெகுநாள் கழித்து அன்று சிரித்தேன்.

கணவன் செய்தது அவளுக்குத் தெரியாது, அவளை விடுவிக்க வேண்டும் என்று மனுப் போட்டேன். நல்ல மனு. எந்த உறையையும் பிரிக்காமல் வெள்ளிக்கிழமைதோறும் என்னிடம் கொண்டு வரச் சொன்னேன். அலுவலகத்தோடு தானாகப் பேச வேண்டாம் என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதான்.

தவறாமல் வந்தாள். சில மாதத்தில் மிஸ்டர் வோகல் போய் அவளுக்கு வெறும் வெண்டல் ஆனேன். உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை செய்து கொண்டு வருவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பாள். என் மனைவி விலகிப் போன பிறகு யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை.

பதினான்காவது மாதம் அவள் கொண்டு வந்த உறையை அவள் எதிரிலேயே பிரித்தேன். மனு ஏற்கப்பட்டிருந்தது. அவள் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. வழக்கு முடிந்தது.

"என்ன எழுதியிருக்கான்?"

"இன்னொரு படிவம் கேக்கறாங்க."

அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். வழக்கு முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டு தொலைவில் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் மகள் டாராவோடு போய் இருக்கப்போவதாக அவள் சொல்லியிருந்தாள். அவ்வளவு பெரிய முடிவை அவசரத்தில் எடுக்கக் கூடாது. கடிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அன்றிலிருந்து அவளிடம் கட்டணம் வாங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று வருடம் போயிற்று. வீட்டை விற்க முடியாது என்றேன். மாநிலத்தை விட்டுப் போனால் தப்பி ஓடுவதாக நினைப்பார்கள் என்றேன். அவள் கேலி பேசுவது நின்றுவிட்டது. கூரை ஒழுகினால்கூட, ஆள் வைத்துச் சரிசெய்யலாமா என்று என்னைக் கேட்டாள்.

போன மார்ச்சில் டாராவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது; அதற்குள் முற்றிவிட்டிருந்தது.

"நாலு நாள் போயிட்டு வந்துடறேன், வெண்டல். புள்ள என்னத்தான் கேக்கறாளாம்."

"விசாரணை முடியற நேரம், பெர்னடெட். போனீங்கன்னா கைதே பண்ணுவாங்க."

"அவ செத்துருவா."

"டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. ஜூன்ல நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்."

அவள் எழுந்தாள். காலிப் பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

டாரா மே இரண்டாம் தேதி இறந்தாள். அடக்கத்துக்காவது போகலாமா என்று பெர்னடெட் கேட்டாள். வேண்டாம் என்றேன். மலர்வளையம் அனுப்பினேன்.

ஆகஸ்டில் ஒருநாள் என்னிடம் சொல்லாமல் வரி அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். "என்னை ஜெயில்ல போட்டுக்கோங்க, இனிமே எனக்கு என்ன இருக்கு" என்றாளாம். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் பெயரில் மூன்று வருடமாக ஒன்றுமே இல்லையே என்றாளாம்.

ஆமாம், மறைத்தது நான்தான். அதை மறுக்க நான் இங்கே வரவில்லை. ஆனால் மகள் போன பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று வழக்கறிஞர்களை விசாரிக்கும் உங்கள் ஒழுங்குக் குழு திரும்பத் திரும்பக் கேட்கிறது. அந்த நிலையில் அதைக் கேட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாளா? அவளிடம் அவ்வளவு இரக்கமில்லாமல் நடந்துகொள்ள என்னால் முடியவில்லை.