பின்சக்கரம் பார்க்க இறங்கியவருக்கு

செம்பாறை எஸ்டேட் லாரி ஓட்டுநர் திரு. ஐயாக்கண்ணு அவர்களின் பணி நிறைவு விழாவில், உடன் பணியாற்றிய ஓட்டுநர்கள் சார்பில் மரியஜோசப் வாசித்தளிக்கும் மடல்

ஏற்காடு, 30-4-1979

மாரமங்கலம் தந்த மாணிக்கமே! மலைப்பாதை கண்ட மதியூகியே! வளைவுதோறும் வண்டி நிறுத்தி வழிப்போக்கர் உயிர் காத்த வல்லவரே! வணக்கம்.

முப்பத்தோராண்டுக் காலம், மழையிலும் மஞ்சிலும், காப்பி மூட்டையும் சில்வர் ஓக் கட்டையும் சுமந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய தங்கள் லாரி, ஒரு கோழிக்குஞ்சின் மேலும் ஏறியதில்லை. நீண்ட லாரி திரும்புகையில் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்பக்கமாக ஒடுங்கி வரும். இது எங்களுக்கும் தெரியும். தெரிந்தும், சக்கரத்துக்குக் கல் வைத்து, இறங்கி நடந்து, உள்பக்கம் ஆள் உண்டா என்று பார்த்து, கிளீனரை அங்கே காவல் நிறுத்தி, வெளிப்பக்கம் அகல ஒதுங்கித் திருப்பியவர் தாங்கள் ஒருவரே!

நாங்கள் என்ன செய்தோம்? சிரித்தோம். "எறங்கி எறங்கிப் பொண்ணு பாக்கறாருங்க" என்று கேலி பேசினோம். தங்கள் வண்டிக்குப் பின்னால் காத்துக் கிடக்கிறோமே என்று பொருமி, மூன்றாண்டுகளுக்கு முன் பதினொரு பேர் கையெழுத்திட்டு மேனேஜரிடம் மனுக் கொடுத்தோம். எழுதிய புண்ணியவான் நானேதான். மறுவாரமே தங்களை லாரியிலிருந்து இறக்கி டயர் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். ஏன் என்று தாங்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கள் லாரியை எனக்குக் கொடுத்தார்கள். அந்த ஐப்பசியில், பதினேழாம் வளைவில், நான் இறங்கிப் பார்க்கவில்லை. விறகுக் கட்டோடு உள்பக்கம் ஒதுங்கி நின்ற கிளியூர் அருக்காணியம்மாளின் வலது கால் பின்சக்கரத்தில் நசுங்கிப் போயிற்று. செய்தி கேட்டு ஓடி வந்து அவரைத் தூக்கியவர் தாங்கள். அப்போதும் என்னைத் திட்டவில்லை. "உக்காந்த எடத்துல இருந்து பின்சக்கரம் தெரியாது கண்ணு, எறங்கித்தான் பாக்கோணும்" என்றீர்கள். நாலு அறை விட்டிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

அதன்பின் தங்களை மீண்டும் வண்டியில் ஏற்றச் சொல்லி நான்கு முறை மேனேஜர் பங்களா வாசலில் நின்றோம். "பார்க்கலாம்" என்றார். பார்த்து முடிப்பதற்குள் தங்கள் லைசென்ஸ் காலாவதியாயிற்று, கண்ணில் புரையும் விழுந்தது. கடைசி நாளிலாவது தாங்கள் ஓட்டி இறங்குவதைக் காண ஆசைப்பட்டோம். அதற்கும் வழியில்லாமல் செய்தவர்கள் நாங்களே. அருக்காணியம்மாள் இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். இந்தச் சால்வையும் சட்டமிட்ட மடலும் எதற்கு ஈடாகும்?

சேலத்தில் வாழும் தங்கள் மகள் கண்ணம்மாள் வீட்டுக்குச் சாமான் ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. ஓட்டப் போகிறவன் நான். நேற்றுக் கூப்பிட்டபோது, "சாமான் போகட்டுங்க, நான் பஸ்ஸுல போய்க்கறனுங்க" என்றீர்கள். எப்போதும் கண்ணு என்றழைக்கும் வாய் எனக்கு 'ங்க' போட்டு என்னை அந்நியனாக்கிவிட்டது. என்னை நம்பி ஏற மறுக்கத் தங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

சேர்வராயன் அருளால் தங்கள் கண் தெளிந்து, உடல் நலிவின்றி, பேரன் பேத்திகளோடு நூறாண்டு நிறைவாக வாழ வேண்டுகிறோம். மேடையில் தாங்கள் எங்களை மன்னிக்க வேண்டாம் ஐயா. லாரியில் ஏறி என் பக்கத்தில் உட்காருங்கள். சேலம் போய்ச் சேரும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வாருங்கள்.

தலை நிமிர முடியாத,
செம்பாறை எஸ்டேட் ஓட்டுநர்கள், கிளீனர்கள்