நான் யாரையும் குறிவைக்கவில்லை

தேநீர் நன்றாக இருக்கிறது ஐயா. விசாரணை அலுவலகத்தில் புதினா போட்டுத் தருவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. நீங்கள் எழுதத் தயாரென்றால் நானும் தயார். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

அலெக்ஸாந்திரியாவில், ருஷ்தி டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால் மெத்ஹத்தின் கடை இருக்கிறது. அதன் மாடியில் பதினோரு ஆண்டுகளாக நான்தான் நடுவர். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இளைஞர்கள் சீட்டுக்கட்டோடு ஏறி வருவார்கள். பூதம், மந்திரவாதி, போர்வீரன் என்று படம் போட்ட சீட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் நாலு வரி. அந்த நாலு வரிக்காக முட்டி மோதிக்கொள்வார்கள். பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். நான் சொன்னால் சொன்னதுதான். காப்பீட்டு அலுவலகத்தில் என்னை வெறும் ஷுக்ரி என்பார்கள். மாடியில் நான் உஸ்தாஸ் ஷுக்ரி, ஆசான்.

அந்த இளைஞர்களில் ஒருவன் ஹாஸிம், பல்மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனுக்கு ஃபூல் பயறு ஆகாது. பிறவியிலேயே வந்த கோளாறு. தின்றால் இரத்த அணுக்கள் உடைந்துபோகும். நம் ஊரில் காலையில் கண் விழிப்பதே ஃபூலின் முகத்தில்தான், அவனுக்கோ அது விஷம். ஆகவே ஆட்ட நாளில் மாடிக்கு ஃபூல் ஏறக்கூடாது என்று மெத்ஹத் சட்டமே போட்டிருந்தான். பையன்கள் தெருவில் நின்று தின்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு வருவார்கள்.

"ஃபூல் திங்காத எகிப்துக்காரன் நீ ஒருத்தன்தான்டா. உன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கணும்" என்பான் கரீம்.

"பிடுங்கிக்கோ. உன் வயித்துல அடிக்கிற புயலுக்கு எவன்டா விசா குடுப்பான்?" என்பான் ஹாஸிம். சிரிப்பில் மாடி அதிரும். நானும் சிரிப்பேன்.

ஜனவரியில் கெய்ரோவிலிருந்து தலைமை நடுவரான ஒரு அம்மா வந்திருந்தார். தேசியப் போட்டிக்கு நம் ஊரிலிருந்து ஒரு நடுவரை எடுக்க வேண்டும். அது நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குப் பார்த்து ஒரு தகராறு. கரீமின் பக்கம் ஒரே ஒரு வீரன் நிற்கிறான். 'இவனை யாரும் குறிவைக்க முடியாது' என்று அவன் சீட்டில் இருக்கிறது. ஹாஸிம் ஒரு சீட்டைப் போட்டான்: 'எதிராளி தன் வீரர்களில் ஒருவனைப் பலி கொடுக்க வேண்டும்.' நான் யோசித்தேன். இருப்பதே ஒருவன், அப்படியானால் அவனைக் குறிவைத்ததாகத்தானே அர்த்தம்? சீட்டு செல்லாது என்றேன்.

"இல்ல உஸ்தாஸ், இந்தச் சீட்டு ஆட்டக்காரனைத்தான் சொல்லுது, வீரனைக் காட்டவே இல்ல" என்றான் ஹாஸிம். "ஒருத்தன்தான் நிக்கிறான்னா அது அவன் தலையெழுத்து. சீட்டு என்ன பண்ணும்?"

அந்த அம்மா புன்னகைத்தார். என் தீர்ப்பை மாற்றினார். "உஸ்தாஸுக்குக் கண்ணாடி மாத்தணும்ப்பா" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, மொத்த மாடியும் சிரித்தது. பதினோரு வருடத்தில் என்னைப் பார்த்து அவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கெய்ரோவுக்கு வேறொருவர் பெயர் போனது. ஹாஸிம் தனியாக வந்து மன்னிப்புக் கேட்டான். "விதின்னா விதிதானே தம்பி" என்று தோளில் தட்டினேன். வீட்டுக்குப் போய் விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். அவன் சொன்னது சரி. தவறை ஒப்புக்கொள்ள நான் கூச்சப்படுகிறவன் இல்லை.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் மாடிக்கு ஃபலாஃபெல் வடை கொண்டுபோனேன். நம் ஊர்க் கடைகளில் அதை ஃபூலில் செய்வார்கள், உள்ளே பச்சை நிறமாக இருக்கும். சிரியாக்காரர் கடையில் கொண்டைக்கடலையில் செய்வார்கள். அது ஹாஸிமுக்கு ஒத்துக்கொள்ளும், ஆசையாகத் தின்பான். நான் வாங்கியது எங்கள் தெருமுனைக் கடையில். எண்ணெய் ஊறிக் காகிதம் பிய்ந்துவிட்டது. வீட்டில் சிரியாக்காரர் கடையின் அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது, அதில் மாற்றிக்கொண்டேன். பெட்டியைப் பற்றி நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள், விஷயம் இவ்வளவுதான். நடு மேசையில் வைத்து, "எல்லாரும் எடுத்துக்கோங்கப்பா" என்றேன். யார் முன்னாலும் நீட்டவில்லை. இருபத்தாறு பேர் சாப்பிட்டார்கள். இருபத்தைந்து பேருக்கு ஏப்பம் வந்தது.

ஞாயிறன்று ஹாஸிமின் கண் மஞ்சளாகிவிட்டதாம், சிறுநீர் கறுத்துவிட்டதாம். ஃபூல் சாப்பிட்டாயா என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறான் பாவம். அதனால் அவர்கள் கல்லீரலில் நோயைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மா எனக்குத் தொலைபேசியில் பேசினார்.

"உஸ்தாஸ், புள்ள அங்க என்னதான் சாப்பிட்டான்?"

"எல்லாரும் சாப்பிட்டதைத்தான்மா அவனும் சாப்பிட்டான்" என்றேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. செவ்வாய்க்கிழமை இறந்துபோனான். நான் அடக்கத்துக்குப் போனேன், அழுதேன். அது நடிப்பில்லை ஐயா, எனக்கு அவனைப் பிடிக்கும்.

சற்று முன் நீங்கள், "சாகக்கூடியவன் அங்க ஒருத்தன்தான் இருந்தான்னா, அது அவனைக் குறிவைச்சதுதானே?" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னிக்க வேண்டும். ஜனவரியில் நானும் இதையேதான் சொன்னேன். என்னைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள்.

அது எதில் செய்தது என்று யாராவது கேட்டார்களா என்கிறீர்கள். ஒருவன் கேட்டான். ஹாஸிம்தான். ஒன்றைப் பிட்டுப் பார்த்து, "உள்ள பச்சை நிறமா இருக்கே உஸ்தாஸ், கொண்டைக்கடலைதானே?" என்றான். "கொண்டைக்கடலைதான் தம்பி, கொத்தமல்லியை அள்ளிப் போட்டிருக்கான். சாப்பிடு" என்றேன். என் முகத்தைப் பார்த்தான், சாப்பிட்டான்.

மற்ற இருபத்தைந்து பேரில் ஒருவரிடமும் நான் பொய் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.