லூப்புக்குள் மாட்டிய வெக்டர்

ஆரணி போகும் காலை பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தியின் மடியில் லேப்டாப்.

“புரோகிராம்ல லூப் பத்து தடவ சுத்தி ஓடுதுடி. நம்பருங்கள சேத்து வெக்கிற வெக்டர்ல கடைசி நம்பர் மட்டும்தான் நிக்குது.”

“காலி வெக்டர லூப்புக்கு உள்ள வெச்சிக்கீறே. ஒவ்வொரு தடவையும் பழசு அழிஞ்சிடுது. மேல வை.”

“பாக்காமலே சொல்றியே?”

“நேத்து லேப்லயே பாத்தேன்.”

“அப்பவே சொல்றதுக்கின்னா? வீட்ல அழுதேன்டி.”

“சார் எப்பவும் உன்னையே புகழ்ந்துகினு இருக்காரு. ஒருநாளாவது உனக்கு புரோகிராம் வரக்கூடாதுன்னு தோணிச்சி.”

லேப்டாப்காரி காலி வெக்டர் வரியை லூப்புக்கு மேலே நகர்த்தினாள். பத்து எண்களும் வரிசையாக வந்தன.

“சார் கேட்டா உன் பேரையே சொல்றேன்.”

“வேணாம். அதுக்கும் உன்னத்தான் நல்ல பொண்ணும்பாரு.”