கம்பி தட்டினால் ஐந்து வருடம்

மாலை ஏழரை. ஊருக்கு வெளியே, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் சாலை. கடைசி பஸ்ஸும் திரும்பிவிட்டது. விளக்கில்லாத அந்தச் சாலையில் ஓர் ஆள் மட்டும் போய்க்கொண்டிருந்தார்... நடந்து அல்ல, ஓடி.

என் நண்பனுடைய சித்தப்பா. தையல்காரர். சிரிக்காமல் கேளுங்கள்.

ஒரே மகள். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய பென்சில் டப்பாவையும் கூடவே வைத்துப் புதைத்தார். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழிக்குப் பன்னிரண்டு வருடம்தான் தவணை. அதுவும் முடிந்துவிட்டது. இடம் இல்லை. பழைய குழியைத் தோண்டித்தான் புதிதாக இறந்தவர்களைப் புதைக்க வேண்டும். எலும்புகள் பொதுக்குழிக்குப் போய்விடும். சித்தப்பா தையல் மிஷினை விற்றுப் பணத்தோடு போய் நின்றார். "பணத்த வெச்சு நாங்க என்ன பண்றது? எடம் வேணுமே!" என்று அலுவலகத்தில் கைவிரித்துவிட்டார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. குழிக்குள் இரும்புக் கம்பியை இறக்கிப் பார்ப்பார்கள். ஏதாவது தட்டினால், உடல் இன்னும் மக்கவில்லை என்று அர்த்தம். ஐந்து வருடம் தொட மாட்டார்கள். தட்டாவிட்டால் மறுநாளே தோண்டிவிடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் போன பிறகுதான் கம்பி இறக்குவார்கள். அன்றைக்கு மகளின் குழிக்குக் கம்பி; அதற்குத்தான் அந்த ஓட்டம்.

குழிவெட்டி நல்ல பருமன். பட்டப்பெயர் 'ஒல்லி'. டார்ச்சைக் கல்மேல் வைத்துவிட்டுக் கம்பியை ஊன்றி அழுத்தினார். சர்ர்ர்... தடையே இல்லை. கைப்பிடிவரை இறங்கிவிட்டது.

"முடிஞ்சுது சார். ஒண்ணுமில்ல."

"இன்னொரு தடவ, அண்ணே."

"உங்களுக்காக மண்ணு பொய் சொல்லுமா சார்?"

"உங்க கால்ல விழறேன்..." விழுந்தும்விட்டார். பிறகு அப்படியே மண்ணில் வாயை வைத்து, "பாப்பா... அப்பா வந்திருக்கேன்டா. ஒரே ஒரு தடவ புடிச்சுக்கோ..." என்றார்.

ஒல்லிக்கு மனசு கேட்கவில்லை. அதே துளையில் மறுபடி கம்பியை விட்டார். பாதி தூரம்... நின்றது. எதிலும் தட்டவில்லை. சும்மா நின்றது. இழுத்தார். வரவில்லை. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். 'ம்ம்ம்' என்று கம்பி அதிர்ந்தது... துளைக்குள்ளிருந்து, அப்போதுதான் சீவிய பென்சிலின் வாசனை.

சட்டென்று பிடி விட்டது. இருவரும் மல்லாந்து விழுந்தார்கள்.

"பொழச்சீங்க சார்! அஞ்சு வருஷம்!" ஒல்லி கம்பியைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தார்.

சித்தப்பா அழுதுகொண்டே சிரித்தார். கம்பி நுனியில் ஒட்டியிருந்த களிமண்ணில் ஐந்து விரல் தடம். ஆசையோடு அதன்மேல் தன் விரல்களை வைத்தார்.

கச்சிதமாகப் பொருந்தின. அது ஆறு வயதுக் கை இல்லை... வளர்ந்த கை.

சிரிப்பு நின்றது.

"அண்ணே... கொழந்தைங்க குழி எவ்வளவு நீளம்?"

"நாலடி."

"ஐயோ... அப்ப பாப்பா கால மடக்கிக்கிட்டா கெடக்கா?"

ஒல்லி டார்ச்சைத் திருப்பினார். கால்மாட்டில், அடுத்த குழந்தையின் கல்... மெதுவாக, மிக மெதுவாக, அந்தப் பக்கம் சாயத் தொடங்கியது.