நாலு மணி வெயில்

– அம்மா, கண்ணாடிய இன்னும் கொஞ்சம் தூக்குங்க. இல்லயில்ல, எறக்குங்க.

– ஒன்னு தூக்கச் சொல்லு, இல்ல எறக்கச் சொல்லு. கை கடுக்குது.

– அப்பா, ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா?

– லயத்து வீடெல்லாம் வரிசையாத் தெரியுது. ஒம் மாமா வீட்டுத் தகரம் தெரியுது. வாசல்ல செவப்பா ஒரு புள்ளி. அது ஒங்கம்மா சீலை.

– வெளிச்சம்?

– அதான் இல்ல. போன இப்புடிக் குடு. பிரேமினி, கேக்குதா? நாங்க தோட்டத்து மேல் டிவிசன் தண்ணித் தாங்கிகிட்ட நிக்கிறோம். கண்ணாடி என்னப் பாக்கணும்.

– ஒங்களத்தாங்க பாக்குது. கல்யாணமான நாள்லேர்ந்து ஒங்களத்தான பாத்துக்கிட்டு இருக்கு.

– வெளையாடாத புள்ள.

– நானா வெளையாடுறேன்? கீழ் டிவிசன்ல அண்ணன் வீட்டுக்கு வந்தவள ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க விடாம, அப்பனும் மகளும் போனப் போட்டு வாசல்ல நிறுத்தி வச்சிருக்கீங்க. லயமே வேடிக்க பாக்குது.

– அம்மா, இது வெளையாட்டு இல்ல. வகுப்புல ஒளிப் பாடம் நடக்குது. வீட்டுல வெளிச்சத்த எதுக்குப் பாவிச்சாங்கன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்லணும். நான் ஒங்க கண்ணாடிக் கதையச் சொல்றேன்னு பேர் குடுத்துட்டேன். கோகுலராஜ் எந்திரிச்சு அது பொய்யின்னுட்டான்.

– யாரு, நம்ம ஆண்டியப்பன் மகனா?

– அவன்தான். “நாங்க கீழ் டிவிசன்லதான் இருக்கோம். எங்க லயத்துல நாலு மணிக்கு வெயிலே இருக்காது. நிலக்ஷியோட அப்பா நல்லாக் கதை விடுறாரு”ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சரும் சிரிச்சாங்க.

– நான் விடுறேனாமா? இந்தக் கண்ணால பாத்தது.

– அதான் செஞ்சு பாக்குறேன்னு சொல்லிட்டு வந்தேன். பொய்யின்னா நாளைக்கு நானே எல்லார் முன்னாடியும் நின்னு பொய்யின்னு சொல்லணும். பந்தயம்.

– இதுல என்ன பொய்யி இருக்கு? அப்ப போனு ஏது? காலையில ஆயாமாருகிட்டப் புள்ளைய விட்டுட்டு அம்மாமாரு அந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருவாங்க. கண்ணுக்கு எட்டும், சத்தம் எட்டாது. புள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல்னா, பெரிய புள்ளைங்க நாங்க வாசல்ல நின்னு ஒடஞ்ச கண்ணாடித் துண்டால வெயில அடிப்போம். அம்புட்டுப் பொம்பளைங்களும் நிமுந்து பாப்பாங்க. எந்த வாசல்ல மின்னுதோ அந்த வீட்டுக்காரி கங்காணிகிட்டச் சொல்லிட்டு எறங்கிருவா.

– அப்புறம் நீங்க பெரிய ஆளாயிட்டீங்க.

– தம்பி தங்கச்சியெல்லாம் வளந்துருச்சுங்க. எனக்குப் பழக்கம் விடல. ஒருநாள் இதே எடத்துல நின்னு சும்மா அடிச்சேன். கீழ் டிவிசன்லேர்ந்து ஒன்னு திரும்ப மின்னுச்சு. மறுநாளும் மின்னுச்சு. தெனம் நாலு மணி. எனக்கு அப்ப வேற எதுவும் நெனப்பு கெடையாது. மூனு மணிக்கே சட்டைய மாத்திருவேன்.

– அம்புட்டுத் தூரத்துல சட்டை தெரியுமா, அப்பா?

– தெரியாதுதான். ஆனாலும் மாத்துவேன். அப்புறம் கோயில் தேருக்கு அந்த டிவிசன் சனமெல்லாம் வந்துச்சு. ஒங்கம்மா வளவிக் கடையில நின்னா. “கண்ணாடி நீதானா?”ன்னு கேட்டேன். தலைய ஆட்டுனா. வீட்டுல சொல்லிப் பொண்ணு கேட்டுப் போனோம்.

– அம்மா, அப்பா சொல்றதெல்லாம் சரியா? கேக்குதா?

– ம். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

– அவளுக்கு என்ன, வாசப்படியில குந்திக்கிட்டே அடிச்சிருப்பா. நான்தான் வேல முடிஞ்சு இந்த மேட்டுல ஏறணும். அதுலயும் அஞ்சு நிமிசம் மின்னுவா, நிப்பாட்டிருவா. நான் பனி மூடுற வரைக்கும் கெடந்து அடிப்பேன்.

– அப்பா, வாசப்படியில எப்புடி? கண்ணாடியில வெயில் பட்டாத்தான மின்னும்?

– ஏன், கண்ணாடின்னா மின்னத்தான செய்யும்.

– கண்ணாடிக்குன்னு சொந்த வெளிச்சம் கெடையாது, அப்பா. வர்றதத் திருப்பி விடும், அவ்வளவுதான். செவுத்துல பந்தச் சரிவா அடிச்சா அதே சரிவுல அந்தப் பக்கம் திரும்பிப் போகுமே, அது மாதிரி. பந்தே வரலன்னா செவுரு என்னத்தத் திருப்பும்?

– அப்ப பெருசா எடுக்கச் சொல்லுவோம். மாமா வீட்டு அலுமாரியில ஆளொசரக் கண்ணாடி இருக்கு.

– பெரிய கொடமா வச்சாப் பீலிக் கொழாயில தண்ணி கூட வருமா?

– வாயப் பாரு வாய! அப்புடியே ஒங்கம்மா.

– அங்க பாருங்க, அப்பா. நம்ம எடது கைப் பக்கம் மலை. லயத்துக்குச் சூரியன் அதுக்கு அந்தப் பக்கம் எறங்கிருச்சு. வெளிச்சம் நேராத்தான் போகும், மலையச் சுத்தி வளைஞ்சு போகாது. மலை மறிச்ச எடத்துல நெழல். லயம் முழுக்க அந்த நெழலுக்குள்ளதான் இருக்கு.

– நம்ம மேல வெயில் அடிக்குதே?

– நாம ஒசரத்துல நிக்கிறோம். அதனால மலை நமக்கு மறைக்கல.

– அந்தக் காலத்துல மலை கொஞ்சம் சின்னதா இருந்திருக்கும்.

– அப்பா!

– சரி, சரி. தெரியாமச் சொல்லிட்டேன்.

– அப்ப நீங்க பாத்தது தகரக் கூரையா இருக்கும்.

– துருப்புடிச்ச தகரமா? அது எங்க மின்னும்?

– அதுவும் சரிதான். சொரசொரன்னு இருக்குறது வெளிச்சத்தக் கண்ட பக்கமும் செதற விட்டுரும். வழுவழுன்னு இருந்தாத்தான் ஒரே பக்கமா அனுப்பும். அப்ப தண்ணி. எங்கயாச்சும் குட்டையில தண்ணி கெடந்திருக்கும்.

– நான் மூனு தரம் அடிச்சா அங்கயும் மூனு தரம் மின்னும். ரெண்டு அடிச்சா ரெண்டு. குட்டைத் தண்ணிக்கு எண்ணத் தெரியுமா?

– தெரியாது.

– அப்ப அது ஆளு.

– ஆளுதான், அப்பா. ஆனா அம்மா இல்ல. அம்மா வாசல்ல நின்னிருந்தா மின்னியிருக்கவே முடியாது. கோகுலராஜ் சொன்னது சரி.

– பிரேமினி.

– ம்.

– கேட்டியா, புள்ள சொல்றத?

– கேட்டேங்க.

– அது நீதானா?

– சொல்றேங்க, பொறுங்க.

– இங்க பாரு, நான் கோவிக்க மாட்டேன். இத்தன வருசமா டவுன் பஸ்ல பக்கத்துல குந்துறவன்கிட்டக்கூட இந்தக் கதையச் சொல்லியிருக்கேன். வேற ஒருத்தின்னா இப்பயாச்சும் சொல்லிரு. புள்ள நாளைக்கு அத்தன பேரு முன்னாடி நிக்கணும். நானும் . . . நானும் ஒரு நெனப்புல இருந்துட்டேன்.

– கொஞ்சம் இருங்க. மூச்சு வாங்குது.

– நின்ன எடத்துல ஏன் மூச்சு வாங்குது?

– அப்பா, வாசல்ல செவப்புப் புள்ளி இல்ல! அம்மா அங்க இல்ல!

– பிரேமினி, எங்க இருக்க?

– லயத்துக்குப் பின்னால ஏறிக்கிட்டு இருக்கேன். நீங்க தேர் கதைய ஆரம்பிச்சப்பவே கெளம்பிட்டேன். பாதையே இல்லங்க இப்ப. பூரா புல்லு. அட்டை வேற கடிக்குது.

– அங்க எதுக்குப் போற?

– நெழலு எங்க முடியுதோ அங்க.

– தெரியுது, அப்பா! தேயிலைக்குள்ள செவப்பு, அந்தா! வெயில் கோடு அம்மாவுக்கு மேல இருக்கு. அம்மா, வெரசா ஏறுங்க! நெழலும் ஏறுது! பள்ளத்துல தண்ணி நெறையிற மாதிரி ஏறுது!

– அத எனக்குச் சொல்லிக் குடுக்குறியாக்கும். நின்னோம்னா முந்திரும். எனக்குத் தெரியாதா?

– வழுக்கும் புள்ள. மெதுவாப் போ.

– மெதுவாப் போனா அது நிக்குமா?

– பிரேமினி, போதும். நான் நம்புறேன். எறங்கி வந்துரு.

– நீங்க நம்புனாப் போதுமா? எம் புள்ள நாளைக்குத் தல குனியவா?

– அப்பா, கோட்டத் தாண்டிட்டாங்க! சீலை பளிச்சுன்னு ஆயிருச்சு!

– பாக்குறேன்.

– அப்பா!

– பாத்துட்டேன், பாப்பா.

– மின்னுது! அப்பா, மின்னுது!

– பாத்துட்டேன். கத்தாத.

– அழுவுறீங்களா?

– கண்ணு கூசுது.

– இந்தாங்க நம்ம கண்ணாடி. நீங்களும் அடிங்க. சூரியனையும் பாக்கக் கூடாது, அம்மாவையும் பாக்கக் கூடாது, ரெண்டுக்கும் நடுவுல பாக்குற மாதிரிப் புடிங்க.

– எனக்கா கத்துக் குடுக்குற? தள்ளு. ஒன்னு. ரெண்டு. மூனு.

– ஒன்னு, ரெண்டு, மூனு! திரும்பி வந்துருச்சு! நாளைக்குக் கோகுலராஜ் மூஞ்சியப் பாக்கணும்!

– பிரேமினி, தெனமுமா இப்புடி ஏறுன?

– வீட்டுல வெறகு பொறுக்கப் போறேன்னு சொல்லிட்டு வருவேன். அந்த வருசம் எங்க ஒத்தக் காம்பரா வீட்டுல வெறகு வைக்க எடமில்ல.

– ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?

– வாசப்படியில குந்திக்கிட்டு அடிச்சான்னு நீங்க சொல்லிச் சிரிப்பீங்க. எனக்கு அதக் கேக்கப் புடிக்கும்.

– அம்மா, ஏன் நிறுத்திட்டீங்க? அப்பா இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்காரு.

– நெழலு வந்துருச்சுடி.

– இன்னும் கொஞ்சம் மேல ஏறுங்க.

– இதுக்கு மேல மலை இல்ல.