காயாத நீலம்

மரச் சாமானுக்குப் பெயிண்ட் அடிப்பதில் பாதி வேலை தேய்ப்பதுதான். உப்புத்தாள் போட்டுப் பொறுமையாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் பிரஷ்ஷைத் தொட வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. நான் எதிலும் அவசரப்பட்டவள் இல்லை. நீங்கள் கேட்டதையும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

குடிநீர் அலுவலகத்தில் புகார் போன் எடுப்பது என் உத்தியோகம். முப்பத்தோரு வருஷம், ஊரார் திட்டெல்லாம் என் காதில்தான் விழுந்தது. ஓய்வு பெற்ற பிறகு திட்டுவதற்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளாதவள். சில நாள் போனை எடுத்துக் காதில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்ப்பேன். வேலை செய்யும்.

அப்போதுதான் தங்கை வந்தாள். கணவர் போன துக்கம், கூடவே சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. "ரெண்டு மாசம் உன்கூட இருந்துட்டு, அப்புறம் பையன்கிட்ட போயிடறேன்க்கா" என்றாள். அந்த 'ரெண்டு மாசம்' மட்டும் என் காதில் ஏறவில்லை.

அவளைச் சிரிக்க வைக்கத்தான் பெயிண்டைக் கையில் எடுத்தேன். அது சத்தியம். பழைய நாற்காலி ஒன்றுக்கு வெள்ளை அடித்து, நாலு காலுக்கும் பாதி உயரம் வரை சிவப்பு. "என்னக்கா, நாற்காலி சாக்ஸ் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பிடுச்சா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, மூன்று நாள் படுத்துவிட்டாள். மகனிடம் போக எடுத்திருந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்தோம்.

அந்த மூன்று நாளும் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், முதுகு நீவிவிட்டேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை 'அக்கா' என்பாள்.

அடுத்த முறை உடம்பு தேறி அவள் பெட்டியை எடுத்தபோது, நான் உப்புத்தாளை எடுத்தேன். அவள் அறை மேஜைமேல் பழைய லேஸ் திரையை விரித்து, பெயிண்டைத் தெளித்து, திரையை உரித்தெடுத்தால் பூப்பூவாக நிற்கும். அதற்கடுத்து அலமாரி. வெளியே பழைய நிறம், உள்ளே மட்டும் மஞ்சள். திறந்தால் வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும். உள்பக்கம் அடித்த வாடை லேசில் போகாது. துணிமணியில் ஏறிக்கொள்ளும்.

பெயிண்ட் கடைக்காரர் நல்ல மனுஷர். "வீட்ல மூச்சுத் தொந்தரவு இருக்கறவங்க இருந்தா, தண்ணியில கலக்கற பெயிண்ட் வாங்குங்கம்மா. வாடையே இருக்காது" என்றார். எனாமலில்தான் பளபளப்பு அதிகம் என்று அதையே வாங்கினேன். டாக்டரும் கேட்டார், வீட்டில் புகை, தூசி, பெயிண்ட் ஏதாவது உண்டா என்று. "ஒண்ணும் கிடையாது டாக்டர், கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன்" என்றேன். தங்கையின் வாயில் மருந்துக்கான மாஸ்க் இருந்தது.

ரெண்டு மாசம் பதினான்கு மாசமாயிற்று. கடைசியில் மகனே புதன்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டான்.

"உனக்கு ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன்க்கா. எனக்கென்னமோ இந்த வாடைதான் ஒத்துக்கலையோன்னு..." என்று இழுத்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, அவள் குளிக்கப் போயிருந்தபோது கட்டிலோரத்துக் குட்டி மேஜைக்கு நீலம் அடித்தேன். டிராயரின் முகப்புக்கு மட்டுமல்ல, ஓரங்களுக்கும். அவளுடைய இன்ஹேலர் அந்த டிராயரில்தான் இருக்கும். பெயிண்ட் காயும்வரை டிராயரைத் திறந்தே வைக்க வேண்டும். மூடினால் ஒட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. பெயிண்ட் அடிக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் மூடினேன். ஈரத்தில் தூசி படியுமே என்று ஜன்னலையும் சாத்தினேன்.

"இன்னைக்குமாக்கா?" என்றாள், தலையைத் துவட்டிக்கொண்டே.

"நீ போனப்புறம் பார்த்துக்கிட்டு இருக்க எனக்கு ஏதாவது வேணாமா?"

சரி என்று படுத்துக்கொண்டாள். என்னிடம் அவள் எதிர்த்துப் பேசியதே இல்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் அடுப்படியில் டர்பன்டைன் ஊற்றி பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தேன். "அக்கா" என்றாள். பிறகு மேஜைக் கால்கள் தரையில் அடித்துக்கொள்ளும் சத்தம். டிராயரைப் பிடித்து இழுக்கிறாள் என்று தெரிந்தது. மறுபடி "அக்கா". மூன்றாவது தடவை குரல் இல்லை, காற்று மட்டும். போயிருக்கலாம், பத்து அடி தூரம்தான். ஆனால் யாரும் என்னை அவ்வளவு வேண்டிக் கூப்பிட்டதில்லை. இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். பெற்ற மகன் இருந்தும், அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தும், என் தங்கை பதினான்கு மாசம் தானாகத்தான் என்னோடு இருந்தாள்.