உள்ளே உட்காராத உறுப்பினர்

மேடையில் வீற்றிருக்கும் நம் மடத்தின் தலைவர் கென்தோ துறவியார் அவர்களே, தாயை இழந்து நிற்கும் மகள் கியோமி அவர்களே, ஞாயிறு தவறாமல் என்னோடு இந்த மண்டபத்தில் சுவரைப் பார்த்து உட்காரும் ஜென் தியானக் குழு நண்பர்களே! உங்களுக்கு வணக்கம் சொல்லவே எனக்கு இன்று கூசுகிறது.

ஓகிமொட்டோ ஹிசானோ அம்மையார் மறைந்து நாற்பத்தொன்பது நாளாகிறது. குழுவின் தலைவன் என்பதால் என்னை முதலில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் குராமொச்சி யார்? ஜென் பற்றி மூன்று புத்தகம் எழுதியவன். கம்பெனி கம்பெனியாகப் போய், கைபேசியைக் கீழே வையுங்கள், இந்தக் கணத்தில் வாழுங்கள் என்று உபதேசம் செய்கிறவன். அழகாகப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். அழகாகப் பேச எனக்கு இன்று யோக்கியதை இல்லை, நண்பர்களே!

மண்டபத்துக்குள் நுழையுமுன் கைபேசியை வாசலில் உள்ள மரப்பெட்டியில் போட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். பெட்டியில் போட்டுவிட்டால் உலகம் நின்றுவிடுமா? அது பாட்டுக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தது. நம் குழுவின் பல் மருத்துவர் தக்கிகாவாவின் நோயாளி வீங்கிய கன்னத்தோடு கூப்பிட்டபோது யார் எடுத்தார்? ஹிசானோ அம்மையார் எடுத்தார்! இதோ இருக்கும் நம் நோதாவின் தொண்ணூறு வயதுத் தாயார் வாரா வாரம் கூப்பிட்டபோது யார் எடுத்தார்? ஹிசானோ அம்மையார் எடுத்தார்! கதவு ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தப் பேச்சு காதில் விழும்.

"ஏம்மா, என் பையன் இன்னுமா செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கான்னு கேக்குறீங்களா? ஆமாம்மா, இன்னும் இருபது நிமிஷம் பாப்பாரு... என்னது? சின்ன வயசுல கோவம் வந்தாத்தான் செவுத்தைப் பாத்து உக்காருவாரா? அப்ப இன்னிக்கு யார் மேல கோவம்னு கேட்டுச் சொல்றேன், இருங்க!"

உள்ளே நீங்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டீர்கள். நான் மட்டும் எரிச்சல்பட்டேன். அமைதி கெடுகிறதாம் எனக்கு!

மூன்று வருடத்துக்கு முன் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். என் கைபேசிக்குத்தான் கூப்பிட்டாள். அதை எடுத்த ஹிசானோ அம்மையார் ஆம்புலன்சை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டு உள்ளே ஓடிவந்து என் தோளைத் தொட்டார்.

"வாத்தியாரே, வீட்டுல அம்மா விழுந்துட்டாங்க. வண்டி போயிட்டிருக்கு. நீங்க உடனே கெளம்புங்க."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் அசைத்தேன். மணி அடித்தபின் வருகிறேன் என்று அதற்கு அர்த்தம். பிறகு அவரே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் இன்னும் கால்மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதையே ஊர் ஊராகப் போய்க் கதையாகச் சொன்னேன்! மனைவி விழுந்த செய்தி கேட்டும் கலங்காத மனம் என்று சொன்னேன். கைதட்டல் வாங்கினேன். ஓடியவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவில்லை. என் மனம் கலங்காமல் இருந்ததற்குக் காரணம் ஜென் இல்லை, ஐயா. எனக்காகக் கலங்க வெளியே ஒருவர் இருந்தார்.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவரை நீங்கள் எல்லோரும் மடத்தின் பணியாள் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை! படகுத்துறையில் இருபத்துநான்கு வருடம் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்றவர். பதினோரு வருடத்துக்கு முன் தியானம் செய்ய வந்தார், உங்களையும் என்னையும் போல. முதல் நாளே ஒரு கைபேசி விடாமல் அடித்தது. யாரும் எழவில்லை. புதியவர், முறை தெரியாதவர், எழுந்துபோய் எடுத்தார். அடுத்த ஞாயிறு பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டவன் நான்தான்.

போன டிசம்பரில், புத்தர் ஞானம் பெற்ற நாள் அமர்வுக்கு முன், தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, ஒரே ஒரு தடவ நானும் உள்ள உக்காரட்டுமா? நாப்பது நிமிஷந்தான்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்களும் உள்ள வந்துட்டா பெட்டிய யாருங்க பாத்துக்குறது?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அதுவும் சரிதான். பரவால்ல வாத்தியாரே, நீங்க உள்ள போங்க" என்று நாற்காலிக்குத் திரும்பிப் போனார். பிப்ரவரியில் மாரடைப்பில் போய்விட்டார். நாற்பது நிமிடம், நண்பர்களே! பதினோரு வருடத்தில் அவர் கேட்டது அவ்வளவுதான்.

போன வாரம் கியோமி என்னை வீட்டுக்கு அழைத்து ஓர் உருண்டை மெத்தையைக் காட்டினார். நாம் உட்காருகிறோமே, அதே மாதிரி. அம்மையார் வந்து சேர்ந்த வாரம் தானே தைத்தாராம். "அம்மா ஒவ்வொரு வருஷமும் வெயில்ல காயவெச்சு எடுத்து வெப்பாங்க. இந்த வருஷம் உக்காந்துடுவேன்னு சொல்லிட்டே இருப்பாங்க" என்றார். நான் தொட்டுப் பார்த்தேன். ஒரு பள்ளம்கூட விழாத மெத்தை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கியோமி அவர்களே, உங்கள் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் உடனே கொடுத்துவிடுவார். அது எனக்கு மலிவாகப் போய்விடும்.

உறுதி ஒன்று மட்டும் சொல்கிறேன். இனி இந்தக் குழுவில் வெளியே உட்காருவதும் ஓர் அமர்வுதான். எல்லோருக்கும் முறை வரும். முதல் வருடம் முழுவதும் என் முறை. அவர் எடுத்த ஒவ்வோர் அழைப்பையும் இனி நாம் எடுப்போம். அவர் அளவுக்குப் பேசத் தெரியாவிட்டாலும் எடுப்போம்!

இப்போது நினைவு அமர்வு தொடங்குகிறது. முன்வரிசையில் என் இடத்தில் கியோமி தன் அம்மாவின் மெத்தையைப் போட்டு உட்காரட்டும். துறவியார் அவர்களே, மணியை அடியுங்கள். நான் வெளியே போகிறேன்.